சீட்டுக் கச்சேரி: ஏற்றினதுக்கு மேல் ஏற்றினால்...

போன இதழில் போக்கர் ஆட்டத்தின் ரீ-ரைஸ் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் எல்லோரும் அதையே கேட்டிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அதற்குத்தான்.

முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசில் 31 வருஷம் வேலை பார்த்தவன். ரம்மியும் இருபத்தெட்டும் டூட்டி முடிந்து முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் பழகியது. போக்கர் கற்றுக்கொடுத்தவர்கள் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்த எஞ்சினியரிங் பையன்கள். அவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், ஆட்டம் மட்டும் மாடியிலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு பேர் உட்காருவோம். காசு கிடையாது, குச்சிதான். என் மனைவிக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அங்கே தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து முக்காமல் ஒதுக்கிய வெறும் குச்சியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். ஆளுக்கு 200 குச்சி. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடுவது பிளைண்டு: சின்ன பிளைண்டு 1, பெரிய பிளைண்டு 2. இந்தப் பக்கத்தில் வரும் எண்ணெல்லாம் அந்தக் குச்சிக் கணக்கு. பையன்கள் 'பாட்' என்பதை நான் 'குவியல்' என்று எழுதுகிறேன். ஒருவர் ஏற்றியதற்கு மேல் இன்னொருவர் ஏற்றுவது ரீ-ரைஸ். பிளைண்டு முதல் கட்டு, ரைஸ் இரண்டாவது, அதற்கும் மேலே போனால் மூன்றாவது என்பதால் அதையே 'த்ரீ-பெட்' என்றும் சொல்வார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். எதிராளி வைத்த அளவுக்குச் சமமாக வைப்பது கால், ஒன்றும் கட்டாமல் பேச்சை அடுத்தவருக்கு விடுவது செக், சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது கவிழ்ப்பது.

கேள்வி (பி.காம். மாணவர், குடியாத்தம்): ஐயா, ஏஸ்-கிங் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரீ-ரைஸ் செய்கிறேன். ஃப்ளாப்பில் ஒன்றும் விழுவதில்லை. விடவும் மனசு வரவில்லை, கட்டவும் பயமாக இருக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தம்பி, "கண்ணை மூடிக்கொண்டு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏஸ்-கிங்கை ரீ-ரைஸ் செய்வது சரிதான், நானும் பெரும்பாலும் செய்வேன். ஆனால் குச்சியை நடுவில் தள்ளும்போதே, ஃப்ளாப் இப்படி விழுந்தால் இது, அப்படி விழுந்தால் அது என்று மனசில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். ரீ-ரைஸ் ஆன குவியலில் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. ஏன் என்று குச்சியை வைத்தே பார்த்துவிடலாம்.

பட்டனில் இருப்பவர், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு எப்போதும் கடைசியாகப் பேசுகிறவர், 5 வைத்து ஏற்றுகிறார். நீங்கள் பெரிய பிளைண்டு. சும்மா கால் செய்தால் நடுவில் 11 குச்சி, உங்கள் கையிருப்பு 195. குவியலைப் போலப் பதினேழு மடங்குக்கு மேல் கையில் இருக்கிறது. அதே இடத்தில் நீங்கள் 22 என்று ஏற்றி அவர் கால் செய்தால் நடுவில் 45, கையிருப்பு 178. வெறும் நாலு மடங்கு. ஒரே சீட்டு, ஒரே ஆட்கள், ஆனால் வேறு ஆட்டம்.

அந்த நாலு மடங்கு என்ன செய்யும் தெரியுமா? ஃப்ளாப்பில் 24 கட்டி அவர் கால் செய்தால் குவியல் 93. டர்னில் 50 கட்டினால் 193. ரிவரில் மீதி 104-ம் உள்ளே போய்விடும். மூன்று கட்டும் குவியலில் பாதிக்குச் சற்று மேல்தான், எதுவும் ராட்சசக் கட்டு இல்லை. ஆனாலும் 200 குச்சியும் காலி. சும்மா கால் செய்த 11 குச்சிக் குவியலில் இதே மாதிரி எல்லாம் உள்ளே போக வேண்டுமென்றால் மூன்று தடவையும் குவியலை விடப் பெரிதாகக் கட்ட வேண்டும். ஆகவே ரீ-ரைஸ் செய்வது குடியாத்தத்தில் நிற்காத வண்டியில் ஏறுகிற மாதிரி. ஏறுவதற்கு முன் யோசிக்கலாம். ஏறிய பிறகு ஜோலார்பேட்டைதான்.

அடுத்தது, உங்கள் மனசைத் தேற்ற ஒரு கணக்கு. கையில் ஏஸும் கிங்கும் இருக்கும்போது ஃப்ளாப்பின் மூன்று சீட்டில் இன்னொரு ஏஸோ கிங்கோ விழ 100-க்கு 32 தடவைதான் வாய்ப்பு. மூன்றில் இரண்டு தடவை விழாது. அது உங்கள் துரதிருஷ்டம் இல்லை, 52 சீட்டுக் கட்டு அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே விழாத ஃப்ளாப்பில் என்ன செய்வது என்பதுதான் ஏஸ்-கிங்கின் உண்மையான பாடம்.

ஃப்ளாப்பைப் பார்த்தவுடன் உங்கள் கையைப் பார்க்காதீர்கள். இந்த மூன்று சீட்டு யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ரீ-ரைஸ் செய்தவர் நீங்கள். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் எல்லாம் உங்களிடம் இருக்கலாம் என்று எதிரே இருப்பவர் நம்புவார். அவரிடம் ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ இருந்திருந்தால் பெரும்பாலும் அவரும் மேலே ஏற்றியிருப்பார். கால் மட்டும் செய்ததால் அவரிடம் இருப்பது நடுத்தர ஜோடிகள், ஒரே கலரில் (ஹார்ட்டின், ஸ்பேடு மாதிரி ஒரே இனத்தில்) ஜாக்கி-10, 9-8 மாதிரி சீட்டுகள், ஏஸ்-குயின் வகை. ஃப்ளாப் குயின்-7-2, மூன்றும் வேறு வேறு கலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒன்றும் விழவில்லை. ஆனாலும் அவருடைய 8 ஜோடிக்கும் 9 ஜோடிக்கும் அது பிடிக்காத ஃப்ளாப். இங்கே 15 குச்சி கட்டுங்கள், குவியலில் மூன்றில் ஒரு பங்கு. 45-ஐ ஜெயிக்க 15 வைக்கிறீர்கள். நாலு தடவையில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே அந்தக் கட்டு தன் செலவை மீட்டுவிடும். கவிழ்க்காவிட்டாலும் டர்னில் ஏஸோ கிங்கோ விழ இன்னும் ஆறு சீட்டு கட்டில் இருக்கிறது.

இப்போது வேறு ஃப்ளாப்: 7-6-5. இது எனக்கு வலித்த ஃப்ளாப், அதனால் விவரமாகவே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாத ஞாயிறு. அக்னி நட்சத்திரம். மாடித் தரையில் கால் வைக்க முடியாமல் எல்லோரும் கீழே திண்ணைக்கு இறங்கியிருந்தோம். மாடி போர்ஷன் பையன் பட்டனில் 5 ஏற்றினான். எனக்கு ஏஸ்-கிங், 22 என்றேன். கால் செய்தான். ஃப்ளாப் 7-6-5. நான் 30 கட்டினேன். கால். டர்ன் 8. என் கையில் எதுவுமே இல்லை, ஆனாலும் பின்வாங்கினால் தெரிந்துவிடும் என்று 60 கட்டினேன். கால். ரிவரில் ஒரு 2. மீதி இருந்த 88-ஐயும் தள்ளினேன். அவன் 9 ஜோடியைத் திருப்பினான். 5-6-7-8-9 வரிசையாக நின்றது.

குச்சி போனது பெரிதில்லை. சீட்டைக் கலைத்துக்கொண்டே அந்தப் பையன் கேட்டான்: "அங்கிள், நான் எந்தக் கையை விடுவேன்னு நெனச்சுக் கட்டினீங்க?" என்னிடம் பதில் இல்லை. 7-6-5 என்பது அவனுடைய ஃப்ளாப். 7 ஜோடி, 6 ஜோடி, 9-8, 8-7 எல்லாம் கால் செய்த அவனிடம்தான் இருக்க முடியும். பெரிய பிளைண்டிலிருந்து ரீ-ரைஸ் செய்த என்னிடம் அவை அபூர்வம். என் ஏஸ் ஜோடிகூட அந்த ஃப்ளாப்பில் செக் சொல்லி நிதானமாகப் போக வேண்டிய கை. ஏஸ்-கிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செக் சொல்லி, அவன் கட்டினால் கவிழ்த்திருந்தால் 22 குச்சியோடு போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுக்கு முன்னாலும் அவன் கேட்ட கேள்வியை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கை விடும்? ஒரு கைகூட நினைவுக்கு வரவில்லையென்றால் கட்டுவதில்லை. நீங்களும் பழகுங்கள் தம்பி. பயம் தானாகக் குறையும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஆற்காடு): குயின் ஜோடியோடு ரீ-ரைஸ் செய்தேன். ஃப்ளாப்பில் கிங் விழுந்தது. உடனே கவிழ்த்துவிட்டேன். என் கணவர் "அவசரப்பட்டாய்" என்கிறார். யார் சரி?

பதில்: அம்மா, இந்த ஒரு தடவை உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். குயின் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ குறைந்தது ஒன்று விழ 100-க்கு 41 தடவை வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு தடவையும் கவிழ்ப்பதென்றால் குயின் ஜோடியை ரீ-ரைஸ் செய்ததே வீண்.

கிங் விழுந்ததும் மனசு "அவரிடம் கிங் இருக்கு" என்று அலறும். அலறலை ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். இது ரம்மியில் எந்தச் சீட்டு போய்விட்டது, எது பாக்கி என்று எண்ணுகிற அதே பழக்கம்தான். ஃப்ளாப் கிங்-7-2 என்று வைத்துக்கொள்வோம். கட்டில் மீதி மூன்று கிங். குயின் உங்களிடம் இரண்டு, மீதி இரண்டு. உங்கள் ரீ-ரைஸுக்குக் கால் செய்தவரிடம் ஒரே கலரில் கிங்-ஜாக்கி மூன்று விதமாக இருக்கலாம். கிங்-10 மூன்று விதம். ஒரே கலர் கிங்-குயின் ஒன்றோ இரண்டோ. மொத்தம் ஏழு, எட்டு. மறுபக்கம் 8 ஜோடி, 9 ஜோடி, 10 ஜோடி, ஜாக்கி ஜோடி ஒவ்வொன்றும் ஆறு விதம், ஆக 24. நீங்கள் 24 கையை ஜெயித்துக்கொண்டு, எட்டுக்குப் பயந்து கவிழ்த்திருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். அவர் ஏஸ்-கிங்கை மேலே ஏற்றாமல் கால் மட்டும் செய்கிற பழக்கம் உள்ளவரா? அப்படியென்றால் இன்னும் 12 விதம் சேர்ந்து எதிர்ப்பக்கம் 20 ஆகிவிடும். அப்போதும் உங்கள் 24 பெரிதுதான், ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தெரிந்துவைத்திருப்பது இதற்குத்தான்.

எப்படி ஆடுவது என்றால், சின்னதாக ஒரு தடவை கட்டுங்கள் அல்லது செக் சொல்லுங்கள். அவர் சின்னதாகக் கட்டினால் ஒரு தடவை கால் செய்யுங்கள். டர்னிலும் ரிவரிலும் அவர் பெரிதாகக் கட்டிக்கொண்டே வந்தால் அப்போது கவிழ்க்கலாம், மனசாட்சி உறுத்த வேண்டாம். உங்கள் கை ஒரு கட்டு, மிஞ்சினால் இரண்டு கட்டு தாங்கும் கை. மூன்று கட்டு தாங்காது. ஜாக்கி ஜோடிக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். அதைவிடப் பெரிய சீட்டு ஃப்ளாப்பில் வர 100-க்கு 57 வாய்ப்பு.

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகர்): ரீ-ரைஸ் எவ்வளவு வைப்பது? மூன்று மடங்கா, நாலு மடங்கா?

பதில்: ஃப்ளாப்புக்குப் பிறகு நீங்கள் கடைசியாகப் பேசுவீர்கள் என்றால் மூன்று மடங்கு போதும், 5-க்கு 15 அல்லது 16. முதலில் பேச வேண்டிய பிளைண்டில் இருந்தால் நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேலே, 21, 22. முதலில் பேசுகிறவருக்கு ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் நஷ்டம், அந்த நஷ்டத்தை முன்கூட்டியே எதிராளியிடம் வசூலிக்கிற மாதிரி இது. நடுவில் ஏற்கெனவே யாராவது கால் செய்திருந்தால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 5 சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றியதைப் போல இரண்டு மடங்கு மட்டும் வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு யாரும் கவிழ்க்க மாட்டார்கள்.

கேள்வி (ஒரு தாய், சத்துவாச்சாரி): என் மகன் செல்போனில் பணம் கட்டி போக்கர் ஆடுகிறான். "இது திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லிடுச்சு" என்கிறான். உங்கள் பக்கத்தையும் படிக்கிறான். நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் பக்கம் ஒரு பையனைப் பணத்தோடு ஆடத் தூண்டியிருந்தால் அது எனக்குப் பெரிய வேதனை. அதனால் அவனிடமே பேசுகிறேன்.

தம்பி, கோர்ட் சொன்னது உண்மைதான். ரம்மியில் திறமைக்குத்தான் முக்கிய இடம் என்று சுப்ரீம் கோர்ட் 1968-லேயே சொன்னது. தமிழ்நாட்டின் 2022-ஆம் வருஷச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்திருந்த பட்டியலைச் சென்னை ஹைகோர்ட் 2023 நவம்பரில் நீக்கியது. ஆனால் நீ அதோடு படிப்பதை நிறுத்திவிட்டாய். 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்துவதும் அதற்கு விளம்பரம் செய்வதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடு. ஆட்டம் தெரிந்தவனாகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பையன், நல்ல ஆட்டக்காரன், என்னை விடவே நன்றாக ஆடுவான். போனில் ஆடி, ராத்திரி ரெண்டு மணிக்கு விட்டதைப் பிடிக்கிறேன் என்று தங்கையின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து விட்டான். ஆட்டம் தெரியாமல் தோற்கவில்லை. நிறுத்தத் தெரியவில்லை. குச்சி தோற்றால் எழுந்து டீ போடலாம். பணம் தோற்றால் கை தானாக இன்னொரு தடவை கட்டச் சொல்லும்.

அம்மா, அவனால் நிறுத்த முடியவில்லை என்று தெரிந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு அனுப்பவும் செய்யுங்கள். 200 குச்சி எடுத்து வைக்கிறேன். போனைக் கீழே வைத்துவிட்டு வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

கேள்வி (ஷூ கம்பெனி சூப்பர்வைசர், ஆம்பூர்): ஏஸ் ஜோடி, கிங் ஜோடி வந்தால் மட்டும்தான் ரீ-ரைஸ் செய்வேன். எல்லோரும் உடனே கவிழ்த்துவிடுகிறார்கள். நல்ல கை வந்தும் லாபமே இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் மேஜையில் இருப்பவர்கள் புத்திசாலிகள். ஏஸ் ஜோடி ஆறு விதம், கிங் ஜோடி ஆறு விதம், ஆக 12. இரண்டு சீட்டு மொத்தம் 1326 விதமாக வரலாம். அதில் 12-க்கு மட்டும் நீங்கள் வாய் திறந்தால், திறந்தவுடனே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

முதல் வேலை, நீங்கள் ரீ-ரைஸ் செய்கிற கைகளின் கூட்டத்தைப் பெரிதாக்குங்கள். குயின் ஜோடி, ஜாக்கி ஜோடி, ஏஸ்-கிங், பட்டன் பக்கம் உட்கார்ந்து ஏற்றுகிறவருக்கு எதிராக 10 ஜோடி, ஏஸ்-குயின், ஒரே கலர் கிங்-குயின். இவையெல்லாம் தன் பலத்திலேயே ரீ-ரைஸுக்குத் தகுதியானவை.

இரண்டாவது வேலைக்குப் பொறுமை வேண்டும். சில சமயம் பலமில்லாத கையோடும் ஏற்ற வேண்டும். எந்தக் கை? பலர் ஜாக்கி-7, குயின்-8 மாதிரி கையில் இருப்பதை எல்லாம் வீசுவார்கள். எனக்குப் பிடித்தது ஒரே கலர் ஏஸ்-5. காரணம், உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தாலே எதிரியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் விதம் ஆறிலிருந்து மூன்றாகிவிடும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகிவிடும். உங்களை மேலே ஏற்றி மிரட்டக்கூடிய கைகளில் ஒரு பகுதியை நீங்களே திருடி வைத்திருக்கிறீர்கள். அவர் கால் செய்தாலும் வழி இருக்கிறது. 2-3-4 வந்தால் வரிசை, ஒரே கலர் மூன்று விழுந்தால் ஃப்ளஷ், அதுவும் ஏஸ் ஃப்ளஷ். கிங் ஜோடிக்கு எதிராகக்கூடக் கடைசி வரை போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜெயிக்கும்.

ஆனால் கணக்கை மறக்காதீர்கள். பெரிய பிளைண்டில் 2 ஏற்கெனவே போட்டிருக்கிறீர்கள். 22 ஆக்க இன்னும் 20. நடுவில் கிடைப்பது 8 குச்சி. ஃப்ளாப்புக்கு முன்னாலேயே கவிழ்ப்பதை மட்டும் நம்பினால் 100-க்கு 71 தடவைக்கு மேல் அவர் கவிழ்த்தாக வேண்டும். கவிழ்க்காத ஆளிடம், குடும்பக் கல்யாணத்தில் முதல் நாள் ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து ஆடும் சித்தப்பா மாதிரி எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்பவரிடம், இந்த வேலையே வேண்டாம். அவரிடம் பலமான கையை மட்டும் பெரிதாக ஏற்றுங்கள். உங்கள் மேஜையில் எல்லோரும் கவிழ்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே ஏஸ்-5 உங்களுக்குத்தான் பொருந்தும். இரண்டு மாதத்தில் கால் செய்ய ஆரம்பிப்பார்கள். அப்போது உங்கள் ஏஸ் ஜோடிக்கும் வேலை வரும்.

கேள்வி (வாணியம்பாடி வாசகர்): 5 ஜோடியோடு பட்டனில் ஏற்றினேன். பெரிய பிளைண்டு 22 என்றார். மூன்றாவது 5 விழுந்தால் அவரை மொத்தமாக வாரிவிடலாம் என்று கால் செய்தேன். இது நல்ல யோசனைதானே?

பதில்: ஆசை நியாயமானது, விலை அதிகம். மூன்றாவது 5 ஃப்ளாப்பில் விழ எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் 17 குச்சி கொடுக்கிறீர்கள். நடுவில் இருக்கும் 28-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், விழுகிற ஒவ்வொரு தடவையும் சராசரியாக அவரிடமிருந்து இன்னும் 100 குச்சி பிடுங்கினால்தான் சரிக்குச் சரி. அவர் கையிருப்பில் மீதி 178. அதில் பாதிக்கு மேல் ஒவ்வொரு தடவையும் கொடுப்பாரா? ஏஸ் ஜோடி வைத்திருந்தால் கொடுப்பார். ஆனால் குடியாத்தம் தம்பியைப் போல ஏஸ்-கிங் வைத்திருந்து ஒன்றும் விழாவிட்டால் 15 கட்டிவிட்டு நிறுத்திவிடுவார். அந்தச் சமயத்தில் உங்கள் மூன்று 5-ம் தனியாக உட்கார்ந்திருக்கும்.

சும்மா ஏற்றிய குவியலில் 3 குச்சி கொடுத்து 5 ஜோடியோடு பார்ப்பது வேறு. ரீ-ரைஸுக்குக் கவிழ்த்துவிடுங்கள். எதிரே இருப்பவர் ஏஸ் ஜோடி, கிங் ஜோடிக்கு மட்டுமே ஏற்றுகிறவர், அதை எந்த ஃப்ளாப்பிலும் விடாதவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கால் செய்யலாம். பழைய ஆம்பூர் சூப்பர்வைசர் மாதிரி.

இதோடு சேர்த்து இன்னொன்று. பலர் 5 ஜோடியை விடுவார்கள், வெவ்வேறு கலர் ஏஸ்-ஜாக்கியை விட மாட்டார்கள். பார்க்க அழகான கை. ஆனால் ரீ-ரைஸ் செய்தவரிடம் ஏஸ்-கிங்கோ ஏஸ்-குயினோ இருந்தால், ஏஸ் விழுந்தாலும் நீங்கள்தான் தோற்பீர்கள், அதுவும் பெரிதாக. ஏஸ்-கிங்குக்கு எதிராக ஏஸ்-ஜாக்கி நாலில் ஒரு தடவை அளவுக்குத்தான் ஜெயிக்கும். அதைவிட ஒரே கலர் ஜாக்கி-10 மேல். விழுந்தால் தெளிவாக விழும், விழாவிட்டால் தெளிவாகக் கவிழ்க்கலாம்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): நான் கிங் ஜோடியோடு 22 என்று ரீ-ரைஸ் செய்தேன். அவர் 50 என்று மறுபடி ஏற்றினார். ஏஸ் ஜோடி என்று பயந்து கவிழ்த்தேன். அவர் ஏஸ்-கிங்கைக் காட்டினார். அன்று முழுக்கத் தூக்கமில்லை.

பதில்: தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அடுத்த தடவை கவிழ்க்காதீர்கள். நீங்கள் கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஒரே ஒரு எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்க வாய்ப்பு 204-ல் ஒன்று. அவர் 50 என்று ஏற்றியதால் அது கூடுகிறது, சரி. எவ்வளவு கூடுகிறது? ஏஸ் ஜோடி ஆறு விதம். குயின் ஜோடி ஆறு விதம். ஏஸ்-கிங், உங்களிடம் இரண்டு கிங் போனதால், எட்டு விதம். இவற்றோடு மட்டும் ஏற்றுகிற மிகக் கறாரான ஆளாக இருந்தாலும் 20-ல் 14 தடவை நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். எல்லாக் குச்சியும் உள்ளே போனால் 100-க்கு 57 பக்கம் உங்களுக்கு. 50-க்குக் கால் மட்டும் செய்தாலும் குவியல் 101, கையிருப்பு 150. ஒன்றரை மடங்குதான். ஃப்ளாப்பில் ஏஸ் விழாத வரை அங்கே யோசிக்க அதிகம் ஒன்றுமில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எங்கள் மாடியில் ஒருவர், ரிட்டயர்டு கூட்ஸ் கார்டு, என்னோடு பல வருஷமாக ஆடுகிறார். ஏஸ்-கிங்கோடு அவர் நாலாவது தடவை ஏற்றி நான் பார்த்ததே இல்லை. ஏற்றும்போது குச்சியை எண்ணி, அடுக்கி, இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளுவார். அவருக்கு மட்டும் நான் கிங் ஜோடியைக் கவிழ்த்திருக்கிறேன், இரண்டு தடவை. ஒரு தடவை காட்டினார், ஏஸ் ஜோடி. இன்னொரு தடவை காட்டாமலே சீட்டைக் கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டார்.